சிவப்பு ஸ்டிக்கர்

அத்தியாயம் 14

பதினோரு நாளாக ஒற்றை டிக்.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் ரயிலுக்கு நின்றபடி ஷைனி போனை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். நேற்று அனுப்பிய படத்துக்குக் கீழே அதே ஒற்றை டிக். இங்கிருந்து கிளம்பிவிட்டது, அங்கே போய்ச் சேரவில்லை.

நேற்றைய படம் ஒரு வாய்க்கால். தொழிற்பேட்டை மதிலுக்கு வெளியே ஓடுகிற வாய்க்கால்தான். அதன் கரையில் ஏழு கொக்குகள், ஷிப்டுக்கு வரிசை கட்டி நிற்கிற ஆட்களைப் போல ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. கடைசிக் கொக்கு மட்டும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது. ஸ்டீவன் சிரிப்பான் என்று நினைத்து எடுத்தாள்.

நான்கு வருடத்துக்கு முன், சவூதிக்கு வெல்டர் வேலைக்குக் கிளம்பிய அன்று, விமான நிலைய வாசலில் அவன் கேட்டது அது ஒன்றைத்தான்.

"தினம் ஒரு படம் அனுப்பு ஷைனி. பெருசா ஒண்ணும் வேணாம். அன்னிக்கி நீ பாத்ததுல நல்லதா ஒண்ணு."

அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. டேங்கர் லாரியின் நிழலில் தூங்கும் நாய். மழைத் தண்ணீரில் ஆயில் கலந்து விரிந்த ஏழு நிறம். கொடியில் காயும் மாமனாரின் லுங்கி மேல் உட்கார்ந்த தும்பி. ஸ்டீவன் ஒவ்வொன்றையும் மூலை முடுக்கு விடாமல் பார்ப்பான். "லுங்கிக்குப் பின்னால அந்த பச்ச டம்ளரு தெரியுதே, அது இன்னும் கீதா?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் அடுத்த நாளைக் கண் திறந்து பார்ப்பாள்.

ஏழு மாதத்துக்கு முன் மாமியார் மேரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். ஸ்டீவனுக்கு விடுப்புக் காகிதம் வந்து சேர மூன்று நாள் ஆனது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நின்றபடியே அவனுடைய அப்பா வரதன் போனில் சொன்னார்: "பெத்தவளப் பொதைக்க வராதவன் இனிமே எதுக்கும் வராத."

அவ்வளவுதான். அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். மாமனாரும் மருமகளும், ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் கேட்காத மாதிரி அழுதுகொண்டு.

ரயில் வந்தது. ஷைனி ஏறிக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சின்னதுரை சிவப்பு ஸ்டிக்கர் ரோலோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரும் படம் எடுக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் ஒவ்வொரு போனிலும் முன்கேமரா மேல் ஒன்று, பின்கேமரா மேல் ஒன்று, காலணா அளவில் சிவப்பு வட்டம் ஒட்டி அனுப்புவார்கள்.

"சபைக்குப் போறவ நீ பொட்டு வைக்க மாட்ட. உன் போனுக்காவது வைக்கிறேன், குடும்மா" என்றார் சின்னதுரை. தினமும் சொல்கிற நகைச்சுவை.

"வைங்கண்ணே, லட்சணமா இருக்கட்டும்" என்றாள் ஷைனி. தினமும் சொல்கிற பதில்.

சின்னதுரை அவள் போனுக்கு ஒட்டும்போது மட்டும் ஒரு ஓரத்தைச் சின்னதாக மடக்கி ஒட்டுவார். வெளியே வந்ததும் முதல் வேலையாக அதை உரித்துவிட்டு அவள் வாய்க்கால் பக்கம் ஓடுவதை அவர் பார்த்திருக்கிறார். நகம் நோகாமல் உரிய வேண்டுமே என்று செய்வது. இதை அவர் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. உலகத்தில் பாதி நல்ல காரியம் இப்படித்தான் பெயர் போடாமல் நடக்கிறது.

உள்ளே அவளுக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. வண்டிக்குப் போகிற ரப்பர் உருளைகள் ஒரு தட்டில் வந்துகொண்டே இருக்கும். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெடிப்பு, குமிழி, ஓரம் பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் உருளை. எட்டு மணி நேரம் குறையையே தேடுகிற கண், வெளியே வந்ததும் நல்லதை ஒன்று தேடும். அந்தத் தேடல்தான் இத்தனை நாள் அவளை நேராக நிறுத்தி வைத்திருந்தது.

காலை டிபன் இடைவேளையில் கேன்டீனில் போனை எடுத்தாள். தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டாள்.

"அண்ணி, நான் சந்திரமோகன் பேசறேன். பொதட்டூர்பேட்ட. ஸ்டீவண்ணன் கூட ஒரே கேம்ப்பு. லீவுல செவ்வாக்கெழம வந்தேன்."

"அவரு... நல்லா இருக்காரா?"

"நல்லா கீறாரு அண்ணி, பயப்படாத. பாலைவனத்துக்கு நடுவுல ஒரு சைட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்க டவரே கெடையாது. வியாழக்கெழம சாயங்காலம் மட்டும் பஸ்ல டவுன் ஆபீசுக்கு இட்டாருவாங்க. போன வாரம் அந்த பஸ்ஸும் ரிப்பேரு."

"அப்போ இன்னிக்கி வருவாரா?"

"அதுக்குத்தான் கூப்டேன். இன்னிக்கி ஆபீஸ்ல கான்ட்ராக்ட் காயிதம் வைக்கறாங்க. கையெயுத்து போட்டா இன்னும் ரெண்டு வருசம். போடலன்னா அடுத்த மாசம் டிக்கெட் போட்டு அனுப்பிடுவாங்க." சந்திரமோகன் கொஞ்சம் தயங்கினான். "நான் கெளம்பறப்ப கேட்டேன், 'இன்னாண்ணா பண்ணப் போற'ன்னு. 'வராதன்னு சொன்ன ஊட்டுக்கு எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது? எங்கப்பா மூஞ்ச ஒரு தபா பாத்துட்டன்னா கெளம்பிடுவேன்டா. ஷைனி லுங்கிய அனுப்பறா, செருப்ப அனுப்பறா, அப்பாவ மட்டும் அனுப்ப மாட்டேங்கறா'ன்னாரு."

"எத்தன மணிக்கு கையெழுத்து?"

"அங்க அஞ்சு மணி. நம்மளுக்கு ஏழர."

மணி அடித்தது. ஷைனி பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அப்பாவை அனுப்ப மாட்டேன் என்று அவளா சொன்னாள்? வரதன்தான் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கும் காரணம் உண்டு. மேரி போனபோது ஸ்டேஷன் ரோட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். வீட்டில் மேரியின் முகம் நேராகத் தெரிகிற படம் என்று ஆதார் அட்டையில் இருந்ததுதான். அதையே ஆறடிக்குப் பெரிதாக்கினார்கள். புள்ளி புள்ளியாக, முறைத்த கண்ணும் கடித்த உதடுமாக ஒரு முகம். வரதன் அதன் கீழே ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "இது எங்க மேரி இல்ல. இவ யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு ஷைனி எப்போது போனை நீட்டினாலும் ஒரே பேச்சு: "என்னியும் பேனருக்கு ரெடி பண்றியா? போம்மா அந்தாண்ட."

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது.

வாசலைத் தாண்டியதும் கால் வழக்கம்போல வாய்க்கால் பக்கம் திரும்பியது. பிறகு தானாக நின்றது. எந்தப் படம் எடுத்து என்ன? கொக்கும் தும்பியும் ஒரு மனுஷனை ஊர் கொண்டுவந்து சேர்க்குமா? நான்கு வருடத்தில் முதல் தடவையாக, ஷைனி ஸ்டிக்கரை உரிக்காமல் போனைக் கம்பெனிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். மடக்கி ஒட்டிய ஓரம் மடக்கினபடியே இருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எளாவூர் தாண்டி வயல் வந்தது. நாற்று நட்ட தண்ணீரில் புகைபோக்கி தலைகீழாக நின்றது. தினமும் பார்க்கிற காட்சி. இன்றைக்கு அவள் முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டாள். எதிரே இருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

வீட்டுப் படலைத் திறக்கும்போதே பின்பக்கக் கொட்டகையிலிருந்து வரதனின் குரல் கேட்டது.

"ஏ சாராளு! முக்குடி! பாதில நிறுத்துனா எப்டி?"

ஷைனி பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

சாராள் மேரி வளர்த்த வெள்ளாடு. ஆறு வருடமாகச் சினையே பிடிக்கவில்லை. "வித்துடலாம், மலட்டு ஆட்டுக்கு எதுக்குத் தழ?" என்று வரதன் சொல்லும்போதெல்லாம் மேரிக்குக் கோபம் வரும். வேதத்தில் வருகிற சாராள் கிழவயதில் ஈசாக்கைப் பெற்றது போல, காலம் போனாலும் கர்த்தர் கண் திறப்பார் என்று அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். ராத்திரி ஜெபத்தில் ஆட்டையும் மருமகளையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். யாருக்கு முதலில் என்று மட்டும் சொல்லமாட்டாள். மேரி போன பிறகுதான் ஆடு சினையானது.

கொட்டகைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வழியாக ஒரு கற்றை வெயில் விழுந்தது. வரதன் மண்ணில் மண்டியிட்டிருந்தார். அவர் மடியில் ஈரமாக, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி.

"கெடா குட்டிம்மா" என்றார் நிமிராமலே. "சாராளு பெத்துட்டா. இவன் பேரு ஈசாக்கு. உங்க அத்த அன்னிக்கே சொல்லி வச்சிட்டா. பக்கெட்ல வெந்நி கொண்டா."

ஷைனி வெந்நீர் கொண்டுவந்தாள். வரதன் குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணி நீலக் கோடு போட்ட ஒரு பழைய சட்டை. ஸ்டீவன் ஐ.டி.ஐ. போனபோது போட்டது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்?

அவர் வலது கட்டைவிரல் குட்டியின் மூக்கை மெதுவாக வழித்தது. அந்த விரலில் நகம் கிடையாது. இருபத்தைந்து வருடத்துக்கு முன், கூலிக்கு நாற்று நட்ட கை முதல்முதலாக லாரியில் இரும்புக் கம்பி ஏற்றப் போனபோது, ஒரு கட்டு சரிந்து நசுக்கியது. ஸ்டீவன் அப்போது ஏழு வயதுப் பையன். தினமும் காலையில் அப்பாவின் விரலைப் பிரித்துப் பார்த்து, "நகம் மொளச்சிடுச்சாப்பா?" என்று கேட்பானாம். "நாளைக்கி மொளைக்கும்" என்பாராம் வரதன். இதை மேரி ஷைனியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த முகம்! ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த முகம் குட்டி மேல் குனிந்து திறந்திருந்தது. ஸ்டீவன் கேட்ட முகம் இதுதான் என்று ஷைனிக்கு உறைத்தது. கேட்டால் மூடிக்கொள்வார். கேட்காவிட்டால்?

போன் பாக்கெட்டில் இருந்தது. பக்கத்துப் பட்டனை இரண்டு தரம் தட்டினால் கேமரா திறக்கும். சத்தம் கூட்டுகிற பட்டனை அமுக்கினால் படம் எடுக்கும். நூறு தடவை பழகின விரல். கோட்டின் மறைவில், இடுப்போரம், திரையைப் பார்க்காமல், போனை அவர் பக்கம் திருப்பி ஒரு தட்டு தட்டினாள்.

வரதன் கவனிக்கவில்லை. குட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஷைனி போனைப் பாக்கெட்டுக்குள் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல வெந்நீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுப்பில் உலை வைத்தாள். சாராளுக்குக் கம்பு கொதிக்க வைத்தாள். இதெல்லாம் முடிய ஐந்தரை ஆனது. பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

கறுப்பு.

கறுப்புகூட இல்லை. கருஞ்சிவப்பு. கண்ணை இறுக்கி மூடினால் தெரியுமே, அப்படி ஒரு சிவப்பு. போனைத் திருப்பினாள். கேமரா மேல் சின்னதுரை வைத்த பொட்டு அப்படியே இருந்தது.

ஷைனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருடத்தில் ஒரே ஒரு நாள் உரிக்காமல் விட்டாள். அந்த ஒரே நாள் இன்றைக்கா இருக்க வேண்டும், ஆண்டவரே?

அழிக்கலாம் என்று தொட்டபோதுதான் கவனித்தாள். அது படமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகள் பாட்டை வீடியோ எடுத்தபோது விட்டபடியே கேமரா இருந்திருக்கிறது. தட்டிய தட்டில் வீடியோ ஓடியிருக்கிறது. சிவப்பு இருட்டுக்குள்ளிருந்து வரதனின் குரல் வந்தது.

"எந்திரி நைனா. எந்திரி. உய்ந்தா இன்னா, இன்னொரு தபா எந்திரி... எங்கூட்ல ஒர்த்தன் கீறான். அவனும் இப்டித்தான். காலு நிக்காது, ஆனா ஓடணும்பான். ஓடிட்டான், பார்த்துக்கோ." நடுவில் சாராள் கத்தியது. "நான் ஒரு வார்த்த சொன்னேன்டா. வாயில வந்துச்சி, சொல்லிட்டேன். வராதன்னா வராமலே பூடுவானா ஒர்த்தன்? கெயவனுக்குக் கோவம் வந்தா பேசத்தான தெரியும்... அத்த இன்னா கல்லுலயா பொளிஞ்சி வச்சேன்?"

பிறகு துணி உரசும் சத்தம். முடிந்தது.

முகம் கேட்டவனுக்கு முகத்தைவிடப் பெரிய ஒன்று கையில் இருக்கிறது. ஒரே தட்டு. சவூதியில் டவர் கிடைத்ததும் போய் விழும். கையெழுத்துப் போட எடுத்த பேனா கீழே விழுந்துவிடும்.

விரல் அனுப்பும் அம்புக்குறி வரைக்கும் போனது.

ஆனால், அவர் அதை ஆட்டுக்குட்டியிடம் அல்லவா சொன்னார்? மகனிடம் சொல்ல முடியாததால் அல்லவா குட்டியிடம் சொன்னார்? ஒரு மனுஷன் முழங்காலில் நின்று தனியாகச் சொன்னதை, கோட்டுக்கடியில் ஒளித்து எடுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் அனுப்பலாமா? பலன் நல்லதாக இருக்கலாம். கை சுத்தமாக இல்லையே. மேரி அத்தை இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஷைனி கொட்டகைக்குப் போனாள்.

வரதன் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து குட்டி பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சோறு தீஞ்சிடுச்சா?"

"இல்ல மாமா. உங்களுக்குத் தெரியாம உங்கள எடுத்தேன். படம் வரல. ஆனா..." போனை நீட்டினாள்.

குரல் ஓடியது. வரதன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு இது?"

"நீங்கதான் மாமா."

அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை முகம் மாறியது. கடைசி வரி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு அனுப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்க சொல்லாம அனுப்பக்கூடாதுன்னு..." ஷைனி மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். சந்திரமோகன் கூப்பிட்டது, காகிதம், ஏழரை மணி, அப்பா முகம் என்று ஸ்டீவன் கேட்டது, எல்லாவற்றையும்.

ஒரு கூட்ஸ் வண்டி போனது. ஐம்பது பெட்டியும் போய் முடிந்தது.

"அழிச்சிடு" என்றார் பிறகு.

"மாமா!"

"ஆட்டாண்ட பேசினத மன்சனுக்கு அனுப்புவாங்களா? அழிம்மா."

ஷைனிக்குக் கண் கலங்கித் திரை தெரியவில்லை. ஆனாலும் அவர் பார்க்க, அவர் முன்னாலேயே அழித்தாள். இனி ஒன்றுமில்லை. மணி ஆறே கால். அவள் திரும்பி நடந்தாள்.

"இரு. எங்க போற?" என்றார் வரதன். "அந்தச் சேப்பு பொட்ட எடு மொதல்ல. போன இங்க குடு."

ஷைனி திகைத்து நின்றாள்.

"குடும்மா. பொயுது போவுது."

மடக்கியிருந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஸ்டிக்கர் நோகாமல் உரிந்து வந்தது. வரதன் போனைச் சூடான பால் டம்ளரைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார்.

"எங்க அமுக்கணும்?"

"இந்த வட்டத்துல மாமா."

குட்டி பால் குடித்துவிட்டு விலகி, நான்கு காலும் நான்கு பக்கம் போக, மண்ணில் சரிந்தது. வரதன் போனைப் பிடித்தபடியே காத்திருந்தார்.

"இப்பவே எடுங்க மாமா, அழகா இருக்கு."

"உய்ந்து கெடக்கறப்ப எடுப்பாங்களா? எந்திரிக்கட்டும்."

ஓட்டை வழியாக வந்த வெயில் மஞ்சளாகிச் சுவரேறிவிட்டது. குட்டி முன்காலை ஊன்றியது. வழுக்கியது. மறுபடி ஊன்றியது. பின்பக்கம் ஆடியது. சாராள் மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. ஈசாக்கு நின்றுவிட்டான். வரதன் அமுக்கினார்.

ஷைனி வாங்கிப் பார்த்தாள். படம் கோணல். ஆனால் குட்டி இருந்தது. விரிந்த காலும், ஈரக் காதும், ஏன் நிற்கிறோம் என்று தனக்கே தெரியாத முழியும். மேலே தாயின் மூக்கு. வலது பக்க மூலை முழுக்க, பெரிதாக, கலங்கலாக, நகமில்லாத ஒரு கட்டைவிரல்.

"வெரல் வந்துடுச்சி மாமா. இன்னொண்ணு எடுக்கலாமா?"

வரதன் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இருக்கட்டும். ஆடு நல்லாத்தான கீது. அனுப்பு. நான் எடுத்தேன்னுல்லாம் எயுதாத."

ஷைனி ஒன்றும் எழுதாமல் அனுப்பினாள். ஒற்றை டிக்.

இரண்டு பேரும் கொட்டகையிலேயே உட்கார்ந்தார்கள். ஷைனி குண்டு பல்பைப் போட்டாள். வரதன் ஆட்டுக்குத் தழை கிள்ளினார், கிள்ளினதையே திரும்பக் கிள்ளினார். ஆறே முக்கால். ஏழு. ஏழு பத்து. சோறு வெந்து ஆறிப்போனது. யாரும் சாப்பிடுகிற பேச்சை எடுக்கவில்லை.

ஏழு இருபதுக்கு இரண்டாவது டிக் விழுந்தது. பதினோரு நாள் படமும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு டிக் ஆனது. கொக்கு வரைக்கும் எல்லாமும். கடைசியில் ஈசாக்கு. பிறகு நீலம்.

"பாத்துட்டாரு மாமா."

வரதன் திரும்பவில்லை. "ம்" என்றார்.

அங்கே அவன் எழுதுகிறான் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி எழுதினான். மறுபடி நின்றது. ஏழு இருபத்தெட்டுக்கு ஒரு வரி வந்தது. ஷைனி அதைப் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"நகம் இன்னும் மொளைக்கலியா?"

தழை கிள்ளிய கை நின்றது. வரதன் தன் வலது கையைப் பல்பு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். இன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த விரலைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

போன் இன்னொரு தரம் அதிர்ந்தது. இந்தத் தடவை ஒரு படம். நாலு வருடத்தில் அவன் பக்கமிருந்து வந்த முதல் படம். ஒரு மேசை, மூடி திறந்த ஒரு பேனா, பக்கத்தில் இரண்டாக மடித்த ஒரு காகிதம். வேறு ஒன்றுமில்லை.

"இன்னா போட்டுக்கிறான்?"

"காயிதம் மாமா. கான்ட்ராக்ட்டு."

"கையெயுத்து போட்டுட்டானா?"

ஷைனி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மூவாயிரம் உருளையில் முடியளவு வெடிப்பைக் கண்டுபிடிக்கிற கண் அது. ஆனால் கையெழுத்துப் போடுகிற இடம் மடிப்புக்கு உள்பக்கம் போயிருந்தது.

"தெரியல மாமா. மடிச்சி வச்சிருக்காரு."

வரதன் எழுந்தார். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்து நின்றார்.

"மொளைக்கலன்னு போடு" என்றார்.

ஷைனி அடித்தாள். "போட்டேன். அப்புறம்?"

குட்டி தடுமாறி நடந்து வந்து அவர் காலில் முட்டிக்கொண்டு நின்றது.

"வந்து பாக்கச் சொல்லு."

அவர் சொன்னபடியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அடித்து ஷைனி அனுப்பினாள்.

மணி ஏழு முப்பத்தாறு. வியாழக்கிழமை பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பப் பாலைவனத்துக்குக் கிளம்பியிருக்குமோ என்னவோ. அந்த வரிக்குக் கீழே ஒற்றை டிக் விழுந்தது. அப்படியே நின்றது.

"பூச்சா?" என்று கேட்டார் வரதன்.

ஷைனி திரையைத் துப்பட்டாவால் துடைத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"இங்கேர்ந்து போயிடுச்சி மாமா."